மண்ணில் சொன்ன புராணங்கள்

நம் அங்கத்தினர்கள் பலரது வீட்டு முன்னறையில் நீண்ட கழுத்தும் விறைத்த காதுகளும் கொண்ட சிவப்பு மண் குதிரை ஒன்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேற்கு வங்கத்தில் பாங்குரா மாவட்டத்துப் பஞ்ச்முரா கிராமத்துக் குயவர்களின் கைவேலை அது. குதிரையை அறிந்த அளவுக்கு, அதே மாவட்டத்திலுள்ள விஷ்ணுபூரின் மண் சிற்பக் கோயில்களை நம்மவர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

தாராசுரத்தில் நாயன்மார் சரிதங்களைச் சிறு சிறு கற்சிற்பங்களாக 12-ம் நூற்றாண்டிலேயே செதுக்கிவிட்டார்கள். நமக்குக் கருங்கல் இருந்தது. வங்கமோ பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் பூமி. விஷ்ணுபூர்ப் பக்கம் கிடைக்கும் செம்புரைக்கல் நுண்ணிய வேலைக்கு ஒத்துவராது. ஆகவே புராணம் சொல்லக் களிமண்ணையே எடுத்துக்கொண்டார்கள்.

விஷ்ணுபூரை ஆண்டவர்கள் மல்ல அரசர்கள். அவர்களில் வீர ஹம்பீரரைப் பற்றி வைஷ்ணவ நூல்கள் ஒரு சுவையான வரலாறு கூறுகின்றன. பிருந்தாவனத்திலிருந்து வங்கத்துக்குப் பெட்டிகளில் வந்துகொண்டிருந்த சுவடிகளை, பொக்கிஷம் என்று எண்ணி அரசனின் ஆட்கள் கொள்ளையடித்தனராம். அவற்றைத் தேடிவந்த ஸ்ரீநிவாச ஆசாரியரிடமே அரசன் சரணடைந்து, கிருஷ்ண பக்தனானான். அதன்பின் அந்த வம்சத்தினர் கோயில் கோயிலாகக் கட்டினர். ரகுநாத சிங் 1643-ல் சியாம ராய் கோயிலையும், 1655-ல் ஜோர் பங்களா கோயிலையும் எழுப்பினார். துர்ஜன சிங் 1694-ல் மதன மோகனர் கோயிலைக் கட்டினார். எல்லாம் செங்கல் கட்டடங்கள். ஓலைக் குடிசையின் வளைந்த கூரையைப் போன்றதே அவற்றின் கூரை.

சுவர் முழுவதும் சிறு சிறு சுடுமண் தகடுகள். சியாம ராய் கோயிலில் வட்டமாகச் சுழலும் ராஸ மண்டலம். ஜோர் பங்களாவில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். ராம ராவண யுத்தம், கிருஷ்ண லீலை, இவற்றோடு வேட்டையும் போர்வீரர் ஏறிய கப்பல்களும் உண்டு. எழுத்தறியாதவர்களும் சுவரைப் பார்த்தே கதையைப் படித்தனர்.

இவற்றைச் செய்தவர்கள் சூத்ரதர் என்னும் தச்சர் மரபினர். மரத்தில் பழகிய கை மண்ணிலும் பேசியது. பாதி காய்ந்த பதத்தில் செதுக்கி, நிழலில் உலர்த்தி, சூளையில் வைத்தனர்.

இதிலுள்ள விஞ்ஞானத்தையும் சொல்ல வேண்டும். சுமார் 500, 600 டிகிரி செல்சியஸில் களிமண்ணின் அணு அமைப்பில் பிணைந்துள்ள நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊறினாலும் அது மீண்டும் குழையாது. மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸைடாகிச் சிவப்பைத் தருகிறது. வங்கத்து மழையில் இந்தத் தகடுகள் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்பது இதனால்தான். ஆனால் சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. நிலத்து ஈரம் உப்போடு மேலேறி, நீர் ஆவியானதும் உப்பு படிகமாகித் தகட்டின் மேல்தோலை உரித்துவிடும். மூக்கும் விழியும் மழுங்கிவிட்டால், அது ராமனா லக்ஷ்மணனா என்று சொல்ல முடியாது.

இந்த ஆபத்தை உணர்ந்து உழைத்தவர் ஓர் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் 1930-ல் பிறந்த டேவிட் மக்கச்சன், யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் போதித்தவர். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கேமராவுடன் கிராமம் கிராமமாகச் சென்று வங்கத்துக் கோயில்களைப் படமெடுத்துப் பதிவு செய்தார். இளம்பிள்ளை வாதம் தாக்கி 1972 ஜனவரியில் கொல்கத்தாவில் காலமானார். வயது 41. வங்கக் கோயில்கள் பற்றிய அவரது நூலை ஏசியாட்டிக் சொஸைட்டி அதே ஆண்டில் வெளியிட்டது.

விஷ்ணுபூரின் முக்கியக் கோயில்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1998-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் அவ்வூர் இடம் பெற்றது. கவனிப்பாரற்ற கிராமத்துக் கோயில்கள்தாம் கவலைக்குரியவை. அங்கே ஒரு தகடு உதிர்ந்தால், ஒரு கதையில் ஒரு பக்கம் போயிற்று. அதைத் திரும்ப எழுத முடியாது.

கொல்கத்தா செல்லும் அன்பர்கள் காளிகாட், தட்சிணேசுவரத்தோடு திரும்பிவிடாமல் விஷ்ணுபூருக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டுகிறேன். சுமார் 150 கி.மீ. தூரம்தான், ஹௌராவிலிருந்து ரயில் உண்டு. பேரக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பீஷ்மர் எங்கே, ராவணன் எங்கே என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். தெரியாத கதையை நீங்கள் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.