பேறுகால மனச்சோர்வு

பேறுகால மனச்சோர்வு என்பது ஒரு பெண் கருவுற்றிருக்கும் காலத்திலோ, குழந்தை பிறந்த பின்னர் ஓராண்டுக்குள்ளோ தோன்றும் மனச்சோர்வு நோயாகும். குழந்தை பிறந்த பின் தோன்றுவது மகப்பேற்றுப்பின் மனச்சோர்வு எனத் தனியாகவும் அழைக்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலக அளவில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும், அண்மையில் குழந்தை பெற்றவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரும் மனநலக் குறைபாடுகளுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகின்றனர். வளரும் நாடுகளில் இவ்விகிதங்கள் முறையே 15.6, 19.8 விழுக்காடு என உயர்ந்து காணப்படுகின்றன.

மன அழுத்தமும் மனச்சோர்வும்

தமிழில் மன அழுத்தம் என்னும் சொல் இருவேறு நிலைகளையும் குறிக்கப் பயன்படுத்தப்படுகிறது. மருத்துவத்தில் இவை வேறானவை. மன அழுத்தம் என்பது பணமுடை, குடும்பச் சண்டை, இழப்பு போன்ற புறச் சுமைகளுக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை ஆகும். மனச்சோர்வு என்பது குறைந்தது இரண்டு வாரங்கள் நீடித்து, அன்றாடச் செயற்பாட்டைப் பாதிக்கும் நோய். மன அழுத்தம் மனச்சோர்வுக்கு இட்டுச்செல்லும் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகும். ஆனால் அழுத்தத்துக்கு உள்ளாகும் அனைவரும் நோயுறுவதில்லை.

ஒத்த நிலைகள்

குழந்தை பிறந்த பின் ஏற்படும் மனநிலை மாற்றங்கள் மூன்றாகப் பிரித்தறியப்படுகின்றன.

* மகப்பேற்றுத் துயர்நிலை: தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏற்படுவது. பிறப்புக்குப் பின் சில நாட்களில் அழுகை, எரிச்சல், பதற்றம் எனத் தொடங்கி, இரண்டு வாரங்களுக்குள் தானாகவே நீங்கிவிடும்.
* மகப்பேற்றுப்பின் மனச்சோர்வு: இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பது. சிகிச்சை தேவைப்படுவது.
* மகப்பேற்றுப்பின் உளப்பிறழ்வு: 1,000 பிறப்புகளில் ஓரிருவருக்கு ஏற்படுவது. மாயக்காட்சி, பொய்நம்பிக்கை, கடும் குழப்பம் ஆகியவை தோன்றும். இது உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசர நிலையாகும்.

அறிகுறிகள்

தொடர்ந்த துயரம், எதிலும் ஆர்வமின்மை, பசியின்மை, குற்றவுணர்வு, தான் நல்ல தாயல்லள் என்னும் எண்ணம், குழந்தையிடம் ஒட்டுதல் தோன்றாமை, இறந்துவிடலாம் என்னும் எண்ணம் ஆகியவை முதன்மையான அறிகுறிகள். களைப்பும் தூக்கக் குறைவும் எல்லாத் தாய்மாருக்கும் இயல்பானவை என்பதால் நோய் எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது. குழந்தை உறங்கும் வேளையிலும் தாயால் உறங்க முடியாதிருப்பது கவனிக்க வேண்டிய அறிகுறியாகும்.

உயிரியற் காரணங்கள்

கருக்காலத்தில் பன்மடங்கு உயரும் ஈஸ்ட்ரோசன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்கள் குழந்தை பிறந்த சில நாட்களில் திடீரென வீழ்ச்சியடைகின்றன. இவ்வீழ்ச்சி எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. அவ்வாறிருக்கச் சிலர் மட்டும் ஏன் நோயுறுகின்றனர் என்பதை 2000 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆராய்ந்தது. கருவுறாத பெண்களுக்கு இவ்விரு இயக்குநீர்களும் அளிக்கப்பட்டு, பின்னர் நிறுத்தப்பட்டன. முன்பு மகப்பேற்றுப்பின் மனச்சோர்வுக்கு உள்ளான 8 பேரில் 5 பேரிடம் மனநிலை மாற்றம் மீண்டும் தோன்றியது. அவ்வரலாறு இல்லாத 8 பேரில் ஒருவரிடமும் தோன்றவில்லை. இதிலிருந்து, இயக்குநீரின் அளவைக் காட்டிலும் அதன் மாற்றத்துக்கு உடல் காட்டும் கூருணர்வே வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. மேலும், நச்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்களால் கருக்காலத்தில் கார்ட்டிசோல் அளவு உயர்வதும், அழுத்தத்தைக் கையாளும் உடலமைப்பு மகப்பேற்றுக்குப் பின் மீள்சீரமைவதும் நோயுடன் தொடர்புடையனவாக ஆராயப்பட்டு வருகின்றன.

இடர்க் காரணிகள்

மைக்கேல் ஓ'ஹாரா, அனெட் ஸ்வைன் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மகப்பேற்றுப்பின் மனச்சோர்வின் சராசரி அளவை 13 விழுக்காடு எனக் கணித்தது. பின்வருவன வலுவான இடர்க் காரணிகளாக அதில் இனங்காணப்பட்டன.

* முன்னர் மனநலக் குறைபாட்டுக்கு உள்ளாகியிருத்தல்
* கருக்காலத்தில் மனச்சோர்வு அல்லது மனப்பதற்றம்
* கணவருடன் நல்லுறவின்மை
* உற்றார் ஆதரவின்மை
* இறப்பு, வேலையிழப்பு போன்ற துயர நிகழ்வுகள்

பேறுகாலச் சிக்கல்கள், குறைந்த வருவாய் ஆகியவற்றின் தாக்கம் சிறிதாகவே காணப்பட்டது. எனினும் இத்தொகுப்பில் இடம்பெற்ற ஆய்வுகளிற் பெரும்பாலானவை செல்வந்த நாடுகளில் நடத்தப்பட்டவை.

இந்திய ஆய்வுகள்

இந்தியாவில் 2002 இல் வெளியான இரு ஆய்வுகள் வேறுபட்ட காட்சியை அளித்தன. தமிழ்நாட்டில் வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில், கருக்காலத்தின் இறுதி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்கள் பின்தொடரப்பட்டனர். குழந்தை பிறந்த பின் புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானோர் 11 விழுக்காட்டினர். குறைந்த வருவாய், ஆண் குழந்தையை விரும்பிய நிலையில் பெண் குழந்தை பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல், கருக்காலத் துயர நிகழ்வுகள், வேலைகளில் உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை இடர்க் காரணிகளாக அமைந்தன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கமாயினும், அங்குள்ள உறவு நன்றாக இருந்தாலே அது காப்பாக அமையும் என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்திய ஆய்வில், குழந்தை பிறந்து 6 முதல் 8 வாரங்களில் 23 விழுக்காட்டுத் தாய்மாரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அவர்களுள் 78 விழுக்காட்டினருக்குக் கருக்காலத்திலேயே குறிப்பிடத்தக்க உளப்பாதிப்பு இருந்தது. வறுமையும் கணவரின் வன்முறையும் முதன்மைக் காரணிகளாக இருந்தன. பிறந்தது பெண் குழந்தையாயின் இவற்றின் தாக்கம் மாறுபட்டது. குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணுவே ஆயினும், அதற்கான பழியைத் தாயே சுமப்பது இவ்விடரின் சமூக அடிப்படையாகும்.

விளைவுகள்

சிகிச்சை பெறாத மனச்சோர்வு தாயின் உடல்நலத்தையும், தாய்ப்பாலூட்டலையும், குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். ஐக்கிய இராச்சியத்தில், மகப்பேற்றுக்குப் பின் 6 வாரங்கள் முதல் ஓராண்டு வரையிலான காலத்தில் நிகழும் நேரடித் தாய் இறப்புகளுக்குத் தற்கொலையே முதன்மைக் காரணமாக உள்ளது. தந்தையரும் இக்காலத்தில் மனச்சோர்வுக்கு உள்ளாவதுண்டு. 2010 இல் வெளியான தொகுப்பாய்வு இதை ஏறத்தாழ 10 விழுக்காடு எனக் கணித்தது.

கண்டறிதல்

ஜான் காக்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987 இல் வெளியிட்ட எடின்பரோ மகப்பேற்றுப்பின் மனச்சோர்வு அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. இது கடந்த 7 நாட்களின் மனநிலையைப் பற்றிய 10 வினாக்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் அளிக்கப்படும். மொத்தம் 30. பத்தாவது வினா தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது என்பதால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதற்கான விடை தனியே கவனிக்கப்பட வேண்டும். இது சலித்தறியும் கருவி மட்டுமே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பணியாகும். குருதிச்சோகை, தைராய்டுக் குறைபாடு ஆகியவையும் ஒத்த அறிகுறிகளைத் தருவதால் அவற்றுக்கான சோதனையும் செய்யப்படுகிறது.

சிகிச்சை

மிதமான நோய்க்கு உளவியல் ஆலோசனையும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் பயனளிக்கின்றன. பாக்கிஸ்தானின் கிராமப்புறத்தில் அத்தீப் ரகுமான் குழுவினர், உளவியல் பட்டம் பெறாத பெண் நலப்பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, வீடுதேடிச் சென்று ஆலோசனை வழங்கச் செய்தனர். 2008 இல் வெளியான முடிவுகளின்படி, 6 மாதங்களுக்குப் பின் மனச்சோர்வுடன் இருந்தோர் ஆலோசனை பெற்ற குழுவில் 23 விழுக்காடு, மற்றக் குழுவில் 53 விழுக்காடு. இம்முறையை உலக சுகாதார அமைப்பு 2015 இல் கையேடாக வெளியிட்டது.

கடுமையான நோய்க்கு மனச்சோர்வு நீக்கி மருந்துகள் அளிக்கப்படுகின்றன. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால், பாலூட்டும் தாய்மாருக்குப் பெரிதும் தெரிவு செய்யப்படுகிறது. மகப்பேற்றுப்பின் மனச்சோர்வுக்கான முதல் வாய்வழி மருந்தாகச் சுரானலோன் 2023 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உட்கொண்டு வரும் மருந்தைக் கருவுற்றதும் தாமாகவே நிறுத்துவது நோய் மீள்வதற்கு வழிவகுக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

இந்தியாவில் 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்னும் எண்ணிலும் அழைத்துத் தமிழில் ஆலோசனை பெறலாம்.