மலாயா சென்றவரும் வரவேற்றவரும்



பாடசாலை அதிபர் என்ற முறையில் ஆண்டுதோறும் நான் ஒப்பமிடும் பத்திரங்களுள் ஒன்று விடுகைப் பத்திரம். குடும்பம் கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ பெயர்கின்றது. பிள்ளையின் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளப் பெற்றோர் அலுவலகத்துக்கு வருகின்றனர். அவ்வேளை அங்கே முதியவர் எவரேனும் இருந்தால், அவர் கேட்கும் முதற் கேள்வி, பயணம் எப்போது என்பதன்று. "அங்கை ஆர் இருக்கினம்?" என்பதே. யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. அது பிறந்த வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நமது குடாநாடு ஆறில்லாத நிலம். கிணற்று நீரும் பனையும் புகையிலையும் இங்குள்ள மக்களைக் காத்தன. ஆயின் காணிகளோ சிறியவை. தலைமுறைதோறும் முதுசமாகவும் சீதனமாகவும் பிரிந்து மேலும் சிறுத்தன. இந்நிலத்திலேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி ஆழ வேரூன்றியது. அமெரிக்க மிஷனார் 1816இல் வந்தனர்; 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அது 1855இல் மூடப்பட்ட பின்னரும் கல்வி வேட்கை தணியவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியும், 1890இல் இந்துக் கல்லூரியும் எழுந்தன. ஆங்கிலம் கற்ற இளைஞர் பெருகினர். அவர்களுக்கு ஏற்ற உத்தியோகங்களோ இலங்கையிற் பெருகவில்லை.

அதே காலத்தில் வங்கக் கடலுக்கு அப்பால், மலாயாவிலே நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. ஈயச் சுரங்கங்கள் செழித்தன. அவற்றைத் துறைமுகங்களோடு இணைக்க இருப்புப்பாதைகள் வேண்டியிருந்தன. முதற் பாதை 1885 யூன் முதலாந் திகதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் எட்டு மைல் அளவே. அதனை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர்ப் படைத் தொழிலாளர் வருவிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டிற் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பாதை திறந்தது. பாதை நீள நீள, கணக்கு எழுதவும், பயணச்சீட்டு வழங்கவும், தந்தி அடிக்கவும், நிலங்களை அளக்கவும் ஆங்கிலம் அறிந்தோர் தேவைப்பட்டனர். இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்திற் பணியாற்றிய ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் 1891இற் சிலாங்கூருக்குச் சென்று, பின்னர் மலாய் நாட்டு இருப்புப்பாதைத் தலைவராக உயர்ந்தார். யாழ்ப்பாணத்து இளைஞரின் திறமையை இங்கேயே கண்டறிந்த அதிகாரிகள் அங்கே இருந்தமை நம்மவர்க்கு வாய்ப்பாயிற்று.

வாய்ப்பு இருந்தது, வழிச்செலவு இருக்கவில்லை. தாயின் தாலிக்கொடி ஒழிந்த நகைகள் ஈடு போயின. தோட்டக்காணி ஒற்றிக்குப் போயிற்று. நாகபட்டினத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ நீராவிக் கப்பலேறிப் பினாங்கு சேர்தல் வேண்டும். கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான புகைவண்டிப் பாதையே 1905இற்றான் முழுமை பெற்றது என்பதை எண்ணிப் பார்த்தால், கொழும்பை அடைவதே அந்நாளில் ஒரு பயணம் என்பது விளங்கும். கப்பலேறியவனின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருக்கும். முன்னரே சென்ற ஊரவர் ஒருவரின் முகவரி அதிலே எழுதப்பட்டிருக்கும். அக்கடிதமே அவனுடைய மூலதனம்.

என் தாயின் தந்தையாரும் அவ்வாறு சென்றவரே. அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் ஒரு கொப்பி இருந்தது. கோலாலம்பூரிலே ஐந்து இளைஞர் ஒருவரின் வீட்டில் ஒன்றாய்த் தங்கிச் சமைத்து உண்ட காலத்துக் கணக்கு அது. அரிசி, பருப்பு, விறகு, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றும் ஐந்து பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். வேலை கிடையாதவரின் பங்கு மற்ற நால்வர்மீதும் ஏற்றப்பட்டு, அவர் பெயரில் வட்டியில்லாக் கடனாகக் குறிக்கப்பட்டிருக்கும். பாட்டனாரின் பெயரில் அவ்வாறு ஏழு மாதங்கள் கடன் ஏறியுள்ளது. எட்டாம் மாதம் முதல் அவர் தம் பங்கையும், புதிதாய் வந்த வேறொருவரின் பங்கிற் காற்கூறையும் செலுத்தியிருக்கின்றார். ஓரிடத்தில், "நேர்முகத்துக்குச் சப்பாத்து, தம்பியிடம் இரவல்" என்று ஒரு வரி உண்டு. ஒரு சோடிச் சப்பாத்து எத்தனை பேரை இலிகிதர் ஆக்கியதோ!

எனினும் வீட்டுக்காரரின் திண்ணை எல்லாரையும் தாங்காது. வருவோர் தொகை மிகுந்தபோது, தனிமனிதர் செய்த உதவியை நிறுவனங்கள் ஏற்றன. 1900ஆம் ஆண்டிலே சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் தோன்றியது. 1902ஆம் ஆண்டளவிற் சைவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலே கந்தசுவாமி கோயிலை நிறுவும் முயற்சியைத் தொடங்கினர்; நல்லூரே அவர்களுக்கு முன்மாதிரி. 1904இல் விவேகானந்த ஆசிரமம் உருவாயிற்று. கிறிஸ்தவர்களுக்கு அவரவர் திருச்சபை துணைநின்றது. கோயில் வழிபாட்டுக்கு மாத்திரமன்று. எந்த அலுவலகத்தில் இடம் வெற்றாகவுள்ளது, எவருக்குக் காய்ச்சல், எவருடைய தங்கைக்கு மணம் பேசுகின்றனர் என்பன யாவும் அதன் வீதியிலேயே தெரியவந்தன.

இவற்றினும் நுட்பமானது கூட்டுறவு. சம்பளம் வாங்குபவன் ஊருக்குப் பணம் அனுப்பவேண்டும். தங்கைக்குச் சீதனம் சேர்க்கவேண்டும். ஒற்றிக் காணியை மீட்கவேண்டும். அவசரத்துக்கு வட்டிக் கடையை நாடியவன் எளிதில் மீளான். 1922இல் மலாயாவிற் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1924இல், யாழ்ப்பாணத்தவர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். மாதந்தோறும் சிறு தொகை சேமித்தல், சேர்ந்த நிதியிலிருந்து பிணைநிற்போரின் பொறுப்பிற் குறைந்த வட்டிக்குக் கடன் பெறுதல் என்பது இத்தகைய சங்கங்களின் முறை. பாட்டனாரின் கொப்பியில் ஐவர் செய்ததையே இங்கே நூற்றுக்கணக்கானோர் சட்டப்படி செய்தனர் எனலாம்.

இந்தப் போக்குவரவு ஒருவழிப்பட்டதன்று. ஈப்போவில் ஆசிரியர் ஒருவரின் மகனாக 1898இற் பிறந்த செல்வநாயகம், குழந்தைப் பருவத்திலேயே கல்வியின் பொருட்டுத் தெல்லிப்பழைக்குக் கொணரப்பட்டார். 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்த இராசரத்தினம், கைக்குழந்தையாக மலாயா சென்று, 1965இற் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர் ஆனார். கணவன் அங்கே, மனைவி இங்கே என்று வாழ்ந்த குடும்பங்கள் பல. மாதமொருமுறை வரும் காசுக்கட்டளையைக் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்து, கிணறு வெட்டுவித்து, கல்வீடு எழுப்பிய பெண்களை எச்சங்கத்தின் அறிக்கையும் குறிப்பிடுவதில்லை. அவர்களும் இவ்வுதவிச் சங்கிலியின் கண்ணிகளே.

அச்சங்கிலி ஒருமுறை முற்றாக அறுந்தது. 1941 டிசம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றுமுதல் மூன்றரை ஆண்டுகள் கடிதமும் இல்லை, காசும் இல்லை. இங்கே பல வீடுகளில் அடுப்பெரிந்தது அயலவரின் கைம்மாற்றினால். அதுகாறும் கொடுத்தே பழகிய மலாயா வீடுகள் அன்று வாங்கவும் பழகின.

நேயர்களே, வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படித்தல் ஆகாது. நம்மவர் நீட்டிய கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதையும் கேட்கவேண்டும். உறவு, ஊர், சாதி என்னும் எல்லைகளுக்குள்ளேயே அது பெரும்பாலும் நின்றது. சட்டைப் பையிலே கடிதம் இல்லாதவனுக்குத் திண்ணையும் இல்லை. அதே மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலே தமிழகத்திலிருந்து கங்காணி முறையிற் சென்ற இலட்சக்கணக்கான தமிழர் உழைத்தனர். 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை அவர்கள் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். மொழி ஒன்று, தெய்வம் ஒன்று. ஆயினும் இலிகிதரின் வீட்டுக்கும் தோட்ட லயத்துக்கும் இடையே கடலினும் அகன்ற தூரம் இருந்தது. சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் இழுத்துச் செல்லப்பட்டு மடிந்தவர்களுள் அத்தோட்டத் தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்காக முகவரி எழுதிக் கொடுத்தவர் எவரும் இல்லை.

பின்னர் நமக்கும் முகவரியின்றிப் புறப்படும் காலம் வந்தது. 1983இன் பின் உயிர்காக்கப் பெயர்ந்தவர்களுட் பலர், தாம் எங்கே இறங்குவோம் என்பதையும் அறியார். 1986 ஆகஸ்டிலே கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மூடுபனியில் மிதந்தனர். அவர்களைக் கண்டு கரைசேர்த்தவர் கஸ் டோல்ற்றன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவரும் அயற்படகினருமாவர். அம்மீனவர்க்கு நம் ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. கடிதம் கேட்காமலே கைகொடுத்தனர். மலாயாவில் நம் முன்னோர் கட்டிய வீட்டுக்கு இருந்த ஒரு குறையை, நியூபவுண்லாந்து மீனவர் நமக்குக் காட்டினர் என்றே நான் கருதுகின்றேன்.

இன்று "அங்கை ஆர் இருக்கினம்?" என்ற கேள்விக்குப் பல நாடுகளிலிருந்து விடை வருகின்றது. சிற்றன்னை இருக்கின்றார், மாமன் இருக்கின்றார், ஊர்ச்சங்கம் இருக்கின்றது. நன்று. விடுகைப் பத்திரத்தைக் கையிலே கொடுக்கும்போது நான் பிள்ளையிடம் மேலும் ஒன்று சொல்வதுண்டு: "அங்கே உன் வகுப்புக்கு, நம்மவர் அல்லாத ஒரு பிள்ளை புதிதாய் வந்தால், அதற்கு வழிகாட்ட நீ இருக்கவேண்டும்."

நிறைவாக நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்றவர்களின் பெயர்கள் பென்சன் பத்திரங்களிலும் காணி உறுதிகளிலும் உள்ளன. வரவேற்றுப் பாய் விரித்தவர்களின் பெயர்களோ பழங் கடிதங்களிலும், பாட்டனாரின் கொப்பி போன்ற கணக்குகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. 1981இல் நமது பொதுநூலகம் எரிந்தபோது, தாளுக்கு உள்ள ஆயுள் எவ்வளவு என்பதைக் கண்ணாற் கண்டோம். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை அடுப்படிக்கு அனுப்புமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். முதியவர் இருப்பின், முதலிரவு எவர் வீட்டில் உறங்கினர் என்று கேட்டு, அப்பெயரை எழுதி வையுங்கள்.