அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி: உங்கள் தெருவில் டெங்கு வந்தால் யார் வர வேண்டும்? பொது சுகாதாரத் துறை வேலை செய்வது எப்படி?

சி.டி.எச். சாலையில் பாடியில் பஸ் ஏறினால் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று ஊர்கள் ஒட்டிக்கொண்டே வரும். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று பஸ்ஸில் இருப்பவருக்குத் தெரியாது. கொசுவுக்கும் தெரியாது. ஆனால் டெங்கு வந்துவிட்டால், அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அலுவலகம், அந்தப் பக்கம் வேறு அலுவலகம்.

போலீஸ் விஷயத்தில் இந்தக் குழப்பம் அவ்வளவு இல்லை. 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகமே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. சுகாதாரத்தில் அப்படி இல்லை. எந்த ஊருக்கு யார் பொறுப்பு, காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும், நம் பங்கு என்ன? பார்க்கலாம்.

ஆஸ்பத்திரி வேறு, பொது சுகாதாரத் துறை வேறு

பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி நோயாளியைப் பார்க்கும். பொது சுகாதாரத் துறை ஊரைப் பார்க்கும். குடிநீரில் குளோரின் இருக்கிறதா, தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா, ஒரே தெருவில் நாலு பேருக்கு வாந்தி பேதி என்றால் எந்தக் குழாயில் கழிவுநீர் கலந்தது என்பதெல்லாம் இந்தத் துறையின் வேலை. வேலை சரியாக நடந்தால் வெளியே எதுவும் தெரியாது. நடக்காதபோதுதான் ஆஸ்பத்திரி வார்டு நிரம்பும்.

இதற்குச் சட்ட பலமும் உண்டு. தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939. சென்னை மாகாணமாக இருந்த காலத்தில் வந்த சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தொற்றுநோய் பற்றித் தகவல் கொடுப்பது, குடிநீர், கழிவுநீர், சுகாதாரக் கேடு என எல்லாமே இதில் வருகின்றன.

மூன்று ஊர், மூன்று நிர்வாகம்

அம்பத்தூர்: ஒரு காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சி. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அதன் 7-வது மண்டலமானது. 2018-ல் வருவாய் எல்லையும் மாறி, அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. எனவே கொரட்டூர், பாடி, முகப்பேர் மாதிரி இந்த மண்டலத்தில் வரும் இடங்களுக்கு சென்னை மாநகராட்சியின் சுகாதாரத் துறையே பொறுப்பு.

ஆவடி: திருவள்ளூர் மாவட்டம். 2019-ல் நகராட்சியிலிருந்து மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. திருமுல்லைவாயல், பட்டாபிராம் எல்லாம் இதில் அடங்கும். இங்கே ஆவடி மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

பூந்தமல்லி: இதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான். நகருக்குள் நகராட்சி பொறுப்பு. ஆனால் 'பூந்தமல்லி' என்ற பெயரில் இன்னொன்றும் உண்டு. திருவள்ளூர் வருவாய் மாவட்டத்தை சுகாதாரத் துறை இரண்டு 'சுகாதார மாவட்டங்களாக'ப் பிரித்திருக்கிறது. ஒன்று திருவள்ளூர், இன்னொன்று பூந்தமல்லி. சுற்றியுள்ள கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களை மாநில பொது சுகாதாரத் துறை இந்த அமைப்பின் வழியாக நடத்துகிறது.

போதாததற்கு, பக்கத்திலேயே இருக்கும் மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம். அதாவது ஒரு ஷேர் ஆட்டோ தூரத்துக்குள் மூன்று மாவட்டங்கள்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 88 நகரங்கள், சுமார் ஒரு கோடி மக்கள். கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. லாங் பீச், பாசடேனா மாதிரி தனி சுகாதாரத் துறை வைத்திருக்கும் நகரங்களைத் தவிர, மற்ற நகரங்களுக்கெல்லாம் கவுன்டியின் ஒரே பொது சுகாதாரத் துறைதான். நகர எல்லை மாறினாலும் அலுவலகம் மாறாது.

நம் ஊரில் உள்ளாட்சி மாறினால் அலுவலகமும் மாறும். இதில் நல்லதும் உண்டு. தெருவில் குப்பை அள்ளுபவர், கால்வாய் தூர் வாருபவர், மருந்து அடிப்பவர் எல்லோரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பார்கள். சிக்கல் எல்லைக்கோட்டில்தான். வீடு ஆவடியில், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சிகிச்சை முகப்பேரில் என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால்?

ஒரு காய்ச்சல், ஒரு முகவரி

திருமுல்லைவாயலில் இருக்கும் ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். முகப்பேரில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். டெங்கு என்று தெரிகிறது. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இந்தத் தகவலைச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி இருப்பது சென்னை எல்லையில். சிறுவனின் வீடு ஆவடி எல்லையில். எனவே தகவல் சென்னையிலிருந்து ஆவடிக்குப் போக வேண்டும். அதன் பிறகுதான் ஆவடி ஊழியர்கள் அந்தத் தெருவுக்கு வருவார்கள். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்ப்பார்கள், மருந்து ஊற்றுவார்கள், வேறு யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள்.

இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது. ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் நாம் சொல்லும் முகவரி.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். அவசரத்தில் ஆதார் கார்டை நீட்டுகிறோம். அதில் விழுப்புரமோ திருநெல்வேலியோ இருக்கும். வடமாநிலத் தொழிலாளி என்றால் ஒடிசாவோ பீகாரோ இருக்கும். கொசு இருப்பது திருமுல்லைவாயலில், பதிவாவது வேறு ஊரில். விளைவு? அந்தத் தெருவுக்கு யாரும் வர மாட்டார்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல் வரும்.

ஏன் இவ்வளவு அவசரம்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது நீண்ட தூரம் பறக்காது. பெரும்பாலும் பிறந்த வீட்டைச் சுற்றியே சுற்றும். எனவே சரியான தெருவுக்குச் சீக்கிரம் போனால் பரவலைக் கட்டுப்படுத்தலாம்.

பல மொழி பேசும் பகுதி

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்ததிலிருந்தே இந்தப் பகுதிக்கு வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தமிழோடு தெலுங்கு, மலையாளம், இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். ஓர் அறையில் பல பேர் தங்கும் தொழிலாளர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும்: ரேஷன் கார்டு இங்கே இல்லையே, நமக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும் பக்கத்திலுள்ள அரசு நிலையத்தில் இலவசமாகப் போடலாம். கர்ப்பிணிகளும் இங்கேயே பதிவு செய்யலாம். காசநோய்க்கு மருந்து இலவசம். 2012 முதல் தனியார் டாக்டர்களும் காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். சிகிச்சை நடக்கும்போதே சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தால் மருந்தை நிறுத்தக் கூடாது. கிளம்பும் முன் சொன்னால், 'நிக்‌ஷய்' பதிவை அந்த ஊருக்கே மாற்றிவிடலாம்.

எதற்கு யாரைக் கேட்பது?

- கொசு, குப்பை, தேங்கிய தண்ணீர்: அம்பத்தூர் மண்டலத்தில் 1913. ஆவடியில் மாநகராட்சி அலுவலகம், பூந்தமல்லியில் நகராட்சி அலுவலகம்.
- குடிநீரில் கழிவுநீர் வாடை: அம்பத்தூரில் சென்னைக் குடிநீர் வாரியம். ஆவடி, பூந்தமல்லியில் அந்தந்த உள்ளாட்சி.
- ஹோட்டல் சாப்பாட்டால் வாந்தி பேதி: மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர். அம்பத்தூருக்கு சென்னை, மற்ற இரண்டுக்கும் திருவள்ளூர்.
- பிறப்பு, இறப்புப் பதிவு: சம்பவம் நடந்த இடத்தில்தான் பதியப்படும். வீடு ஆவடியில் இருந்தாலும் குழந்தை முகப்பேரில் பிறந்தால் சான்றிதழ் சென்னை மாநகராட்சியில். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.
- எங்கே கேட்பது என்றே தெரியவில்லை: 104 மருத்துவ உதவி எண். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

நம் பங்கு என்ன?

வாரம் ஒருமுறை டிரம், தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீரைக் கொட்டினால் போதாது, ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும். கொசு ஒழிப்புப் பணியாளர் கதவைத் தட்டினால் மொட்டை மாடி வரை பார்க்க விடுங்கள்.

முக்கியமாக, அடுத்த முறை ஆஸ்பத்திரியில் "அட்ரஸ் சொல்லுங்க" என்று கேட்டால், ஆதாரில் இருப்பதோடு நிறுத்தாதீர்கள். இப்போது எந்தத் தெருவில் தூங்கி எழுகிறீர்களோ, அந்த முகவரியையும் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். கூட வேலை பார்க்கும் வெளிமாநிலத் தம்பிக்கு மொழி தெரியவில்லை என்றால், அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். அவர் தங்கியிருக்கும் தெருவில் உங்கள் வீடும் இருக்கலாம்.