கடலில் மறைந்தவரின் செய்தியும் அதன் ஸனதும்



“மூத்தாப்பாட நானா கப்பலேறிப் போனவர், திரும்பி வரல்ல” என்பது போன்ற செய்திகள் பல வீடுகளில் சொல்லப்படுவதுண்டு. எந்தக் கப்பல், எந்த வருடம், முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால் மௌனமே பதில். ஹதீஸ்கலை இமாம்களோ ஸனதை விசாரிக்காமல் ஒரு செய்தியையும் ஏற்றதில்லை. யார் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் சந்தித்ததுண்டா, அறிவித்தவரின் ஞாபகசக்தி எத்தகையது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். குடும்பச் செய்திக்கு அவ்வளவு கடுமை வேண்டியதில்லை; வழி என்னவோ அதுதான்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். 1942 நவம்பர் 20 ஆம் திகதி ‘திலாவா’ என்னும் கப்பல் பம்பாயிலிருந்து மொம்பாஸா, டர்பன் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. அதில் 958 பேர் இருந்தனர். கிழக்கு, தென் ஆபிரிக்காவில் பிழைப்புத் தேடிய இந்தியரும் அவர்தம் குடும்பத்தாரும் பிரயாணிகளில் அநேகர். 23 ஆம் திகதி அதிகாலை சீஷெல்ஸுக்கு வடகிழக்கே, ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 அதனைத் தாக்கியது. முதல் டோர்பிடோவில் கப்பல் மூழ்கவில்லை. படகுகளில் இறங்கியோர் சிலர் மீண்டும் அதில் ஏறினர். அதன்பின் இரண்டாவது டோர்பிடோ! 280 பேர் மாண்டனர். ‘பேர்மிங்ஹம்’ போர்க்கப்பல் 674 பேரையும், ‘கார்தேஜ்’ 4 பேரையும் மீட்டன. (கப்பலிலிருந்த 2,364 வெள்ளிக் கட்டிகள் 2017 இல் எடுக்கப்பட்டு, அவற்றுக்கான வழக்கு 2024 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெள்ளிக்குக் கணக்குத் தவறவில்லை!)

இப்போது ஒரு குடும்பம், “எங்கள் பாட்டனார் திலாவாவில் போனார்” என்கிறது. அவரது இறுதிக் கடிதத்தின் தபால் முத்திரையைப் பாருங்கள். நவம்பர் 23 க்குப் பின் மொம்பாஸாவில் இடப்பட்டிருந்தால் கதை அங்கேயே விழுந்துவிடும். அவர் கப்பல் தொழிலாளியாக இருந்தால், யுத்தத்தில் மாண்ட இந்தியக் கடலோடிகளின் பெயர்ப் பதிவேடு மும்பையிலும் சிட்டகாங்கிலும் உண்டு. உயிர் தப்பியோரின் பிள்ளைகளையும் விசாரிக்கலாம்.

இது வெறும் பழங்கதை தேடுவதல்ல, சகோதரர்களே! மார்க்கத்தில் இவர் ‘மஃப்கூத்’, அதாவது காணாமற்போனவர். மௌத்து நிரூபணமாகும் வரை, அல்லது காழி தீர்ப்பளிக்கும் வரை அவரது சொத்தைப் பங்கிடலாகாது. மனைவியின் நிலையோ இன்னும் கடினமானது. உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு 4 வருடக் காத்திருப்பும், பின்னர் 4 மாதம் 10 நாள் இத்தாவும். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கருத்தோ, உறுதி கிடைக்கும் வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பதாகும். நம்பகமான சாட்சிகளின் வார்த்தை ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றியிருக்கும்.

இன்னொன்று. தந்தையும் மகனும் ஒரே கப்பலில் மூழ்கி, எவர் முந்தினார் என்பது தெரியாவிட்டால், ஒருவர் மற்றவருக்கு வாரிசாக மாட்டார். மகன் முதல் டோர்பிடோவிலும் தந்தை இரண்டாவதிலும் மாண்டதை நேரில் கண்டவர்கள் இருந்தால், மகனின் சொத்தில் தந்தைக்குப் பங்கு சேர்ந்து, அது அவரது ஏனைய வாரிசுகளைச் சென்றடையும்.