கேமராவுக்கு முன்னால் யாருடைய சம்மதம்?

சேரிக்குள் கேமராவோடு வருகிறவர்கள் முதலில் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்? ஊராட்சித் தலைவரிடம், தலைமையாசிரியரிடம், சில நேரம் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்களிடம். படத்தில் வரப்போகிற அக்காவிடம் கேட்பது கடைசியில்தான். பல நேரம் அதுவும் இல்லை. இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஊர் ஊராகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, சாதிவாரியாக எழுதி, படமும் எடுத்தார். 1909இல் 7 தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ அந்த வேலையின் பலன். வயநாட்டில் அவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்கள். தங்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டனே இதை வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். நமக்கு இது வேடிக்கை அல்ல. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையடிமைகள் பணியர்கள். ‘முடியாது’ என்று சொல்ல அவர்களுக்கு இருந்த வழி ஓட்டம்தான்.

சரி, சம்மதப் படிவம் வந்த பிறகாவது நிலைமை மாறியதா? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டரில், குற்ற வழக்குகளில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்துவைக்கும் அரசு மருத்துவமனை இருந்தது. 1966இல் நிர்வாகத்தின் அனுமதியோடு ஃப்ரெடரிக் வைஸ்மன் அங்கே படம் எடுத்தார். 1967இல் வந்த ‘டிடிகட் ஃபாலிஸ்’ அதுதான். நிர்வாணமாக வெற்று அறையில் கிடக்கும் நோயாளிகள், அவர்களைச் சீண்டும் காவலர்கள், சாப்பிட மறுத்தவருக்கு மூக்கில் குழாய் செருகி உணவு ஊற்றுவது, எல்லாம் அதில் இருந்தன.

நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மாநில அரசு நீதிமன்றம் போனது. படத்தில் தெரிந்த 62 நோயாளிகளில் 11 அல்லது 12 பேரின் படிவங்கள் மட்டுமே இருந்தன. பெரும்பாலோர் படிவத்தைப் புரிந்துகொள்ளும் நிலையிலும் இல்லை. ஆக, அரசு சொன்னதில் உண்மை உண்டு. நிர்வாகம் தந்த அனுமதி நோயாளியின் சம்மதம் ஆகாது. ஆனால் அவர்களை அப்படி அடைத்து வைத்ததும் அதே அரசுதானே? 1969 தீர்ப்பின்படி மருத்துவர், வழக்கறிஞர், சமூகவியலாளர், சமூகப் பணியாளர் போன்றோர் மட்டும் படத்தைப் பார்க்கலாம். அதாவது, எங்களைப் போன்று படித்தவர்கள் பார்க்கலாம், பொதுமக்கள் பார்க்கக் கூடாது. 1991 வரை இந்தத் தடை நீடித்தது. 

இது நம் கதையும்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. ‘எங்கள் எல்லையில் அப்படி யாரும் இல்லை’ என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்தால், மறுப்பதற்கு நம் கையில் இருப்பது வீடியோதான். அதே வீடியோ அந்தத் தொழிலாளியின் மகள் படிக்கும் பள்ளிக்கும், வாடகைக்கு வீடு கொடுத்தவரின் கைபேசிக்கும் போகும். ஆதாரமும் வேண்டும், அவருடைய மானமும் வேண்டும். எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். அரசும் அல்ல, நாமும் அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான்.

எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிவாரண அரிசி கொடுத்த அதே கையால் படிவத்தை நீட்டினால் யார் மறுப்பார்கள்? படிவத்தைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். யூடியூபில் ஏறுமா, யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் பக்கத்தில் நிற்கக் கூடாது. யோசிக்க ஒரு நாளாவது விட வேண்டும். கைநாட்டு வைத்த படிவத்தின் நகல் அவரிடம் இருக்க வேண்டும். வெளியிடும் முன் படத்தைப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்ற பகுதியை எடுத்துவிட வேண்டும். மறுத்தவருக்கும் அரிசி தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

அன்று பணியர் பெண்கள் ஓட வேண்டியிருந்தது. இன்று நம் மக்கள் தங்கள் வாசலில் உட்கார்ந்தபடியே ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிய வேண்டும்.