தறியின் அட்டையும் ஆலையின் கணிப்பொறியும்

திருச்செங்கோட்டைச் சூழ்ந்த ஊர்களில் விசைத்தறியின் ஓசை ஓயாது ஒலிப்பதைக் கேட்கிறோம். வெறுந்துணி நெய்ய நூலும் விசையும் போதும். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் நெய்வதுபோன்ற பூவேலைச் சேலைக்கோ, எந்த ஊடைக்கு எந்தப் பாவிழை எழவேண்டும் என்று தறிக்குக் கட்டளையிட்டாக வேண்டும். அக்கட்டளையைத் தாங்கி வந்ததே துளையிட்ட அட்டை.

பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் இவ்வமைப்பை உருவாக்கினார். அவருக்கு முன்னரே முயன்றோர் உண்டு. பெயர் நிலைத்தது இவருக்கே. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி பாவிழையை உயர்த்தும். துளையற்ற இடத்தில் ஊசி பின்தள்ளப்படும். இழை கிடந்தபடியே கிடக்கும். இங்கிலாந்தின் பாபேஜ் 1830களில் தாம் வகுத்த கணக்கு யந்திரத்துக்கு இவ்வட்டையையே மேற்கொண்டார். 1890இல் அமெரிக்கக் குடிக்கணக்கும் துளையட்டையால் எண்ணப்பட்டது. கணிப்பொறியின் மூதாதையருள் ஒன்று நம் நெசவாளர் வீட்டுத் தறிமேல் அமர்ந்திருக்கிறது என்பது மிகையன்று.

1983இல் மின்னணு ஜக்கார்டு வந்தது. இன்று பல தறிகளில் அதுவே இயங்குகிறது. ஆயினும் அட்டை முற்றும் மறைந்திலது. காரணம் எளிது. அட்டை கிழிந்தால் கிழிசல் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் புதிதாக அடித்துக் கோத்துவிடலாம்.

ஆலைகளை ஆளும் பழைய கணிப்பொறிகளின் நிலை இவ்வாறன்று. ஒரு கொதிகலனோ விசையாழியோ பல பத்தாண்டுகள் உழைக்கும். அதை ஆளும் கணிப்பொறியோ சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்துவிடும். மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றவேண்டின் ஆலையை நிறுத்தவேண்டும். புதிய கட்டளைத் தொடர் ஒவ்வொன்றையும் மீண்டும் சோதிக்கவேண்டும். அணுமின் நிலையத்தில் அச்சோதனை சிறு வேலையன்று. ஆதலால் பிழையின்றி ஓடுவதை ஓடவிடுகின்றனர். அதைச் சோம்பல் என்று கூறுதல் பொருந்தாது.

ஆனால் அக்கட்டளைகள் கண்ணுக்குப் புலப்படா. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டால் படிப்பவர் யார்? அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் 1970இல் வெளியிட்ட பிடிபி 11 என்னும் கணிப்பொறி, கனடாவின் அணுமின் நிலையங்களில் யந்திரக் கைகளை இயக்கும் பணியில் அமர்ந்தது. அந்நிறுவனம் 1998இல் காம்பேக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கணிப்பொறி மட்டும் ஓய்வு பெறவில்லை. 2050 வரை அதைப் பேணும் நோக்கத்தோடு, அதன் மொழியறிந்தோர் தேவை என்று 2013இல் கனடாவிலிருந்து அழைப்பு வெளிவந்தது.