முன்கண்டறிதல் சோதனைகளின் துல்லியம்

முன்கண்டறிதல் சோதனை என்பது, தமக்கு நோய் உண்டென்று எண்ணாமல் அன்றாட வேலைகளில் ஈடுபட்டிருக்கும் மக்களிடையே, நோய்க்கு ஆளாகியிருக்கக் கூடியவர்களைப் பிரித்தெடுத்து, மேற்கொண்டு ஆராய்வதற்கு அனுப்பும் முறையாகும். மருத்துவர்கள் இதனை ஸ்கிரீனிங் என்று வழங்குவர். இது நோய் நிர்ணயம் அன்று. நெல்லையும் பதரையும் பிரிக்கும் முறத்தின் வேலையே இதன் வேலை. சில பதர் நெல்லோடு நின்றுவிடுவதும், சில நெல் பதரோடு பறந்துவிடுவதும் முறத்துக்கு இயல்பாதல் போல, இச்சோதனைகளுக்கும் இருவகைப் பிழைகள் இயல்பாகவே உண்டு. அவ்விரண்டையும் தனித்தனியே எண்ணிக் காட்டுவதே துல்லியத்தை அளவிடுதலாகும். அவ்வாறு எண்ணப் புகுந்தால், துல்லியம் சோதனைக்குள்ளேயே அடங்கிய குணம் அன்று என்பதும், யாரைச் சோதிக்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எல்லைக்கோட்டை எங்கே இடுகிறோம் என்பவற்றைப் பொறுத்து அது வேறுபடும் என்பதும் விளங்கும்.

வரலாறு

இரத்தப் பரிசோதனையால் ஒரு நோயைப் பெருந்திரளான மக்களிடையே தேடும் வழக்கம், 1906-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் வாசர்மன் தம் சகாக்களுடன் சிபிலிஸ் நோய்க்கு வகுத்த சோதனையால் வேரூன்றிற்று. அந்நோய்க் கிருமியையே எதிர்த்து உடலில் எழும் பொருளை இது காட்டுகிறது என்று முதலில் நம்பினார்கள். ஆனால் கிருமியோடு சம்பந்தமே இல்லாத மாட்டு இதயச் சாற்றைக் கொண்டும் அதே விளைவைப் பெறலாம் என்பது விரைவிலேயே தெரியவந்தது. மலேரியாவும் தொழுநோயும் கண்டவர்களில் சிலருக்கு, சிபிலிஸ் இல்லாதபோதும் இச்சோதனை உண்டென்றே கூறிற்று. சோதனை காட்டுவது ஒன்று, நாம் தேடுவது மற்றொன்று என்ற இவ்வேற்றுமையே துல்லியம் பற்றிய விசாரத்துக்கெல்லாம் தோற்றுவாய்.

அவ்விசாரத்துக்குக் கணித உருவம் தந்தவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜேகப் எருஷால்மி. க்ஷயரோகத்தைக் கண்டறிய எக்ஸ் கதிர்ப் படம் பிடிக்கும் முறைகளுள் எது சிறந்தது என்று தீர்மானிக்கும் பொருட்டு, 1,200-க்கும் மேற்பட்டவர்களின் மார்பை நான்கு வகைப் படங்களாக எடுத்து, ஐந்து நிபுணர்களிடம் தனித்தனியே காட்டிய ஆராய்ச்சியில், படங்களுக்கிடையே இருந்த வேற்றுமையைவிடப் படிப்பவர்களுக்கிடையே இருந்த வேற்றுமையே பெரிதாக நின்றது. அதுமட்டுமன்றி, ஒரே நிபுணர் ஒரே படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது தம்முடைய முதல் அபிப்பிராயத்தோடு தாமே மாறுபட்டதும் கண்டறியப்பட்டது. இதையொட்டி 1947-இல் வெளிவந்த கட்டுரையிலேயே எருஷால்மி, உணர்திறன், தனித்தன்மை என்னும் இரு அளவைகளை இப்பொருளில் பிரித்துக் கூறினார்.

அடிப்படை அளவைகள்

நோய் உண்டா இல்லையா என்ற உண்மையையும், உண்டு அல்லது இல்லை என்று சோதனை கூறும் விடையையும் எதிரெதிரே வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும்: மெய்யான உண்டு, பொய்யான உண்டு, மெய்யான இல்லை, பொய்யான இல்லை. மருத்துவமனைப் பேச்சில் இவ்விடைகளைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பர். நோயுற்றவர்களுள் எத்தனை விழுக்காட்டினரைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது உணர்திறன்; நோயற்றவர்களுள் எத்தனை விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது என்பது தனித்தன்மை. இவ்விரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவையை யூடன் என்பவர் 1950-இல் முன்மொழிந்தார். பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கு மேலான பயனொன்றும் இல்லாத சோதனைக்கு அவ்வெண் சுழியாகும்.

சரியான விடைகளை மட்டும் எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று பொதுவாகத் துல்லியம் கூறுவது எளிதாயினும், அது பெரும்பாலும் ஏமாற்றமே தரும். பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் நூறு பேருக்கு ஒரு நோய் இருப்பதாகவும், அதைக் கண்டறியும் சோதனையின் உணர்திறன் 90 விழுக்காடு, தனித்தன்மை 95 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். நோயுற்றவர்களில் 90 பேர் பிடிபடுவர். நோயற்ற 9,900 பேரில் 9,405 பேர் விடுபடுவர். ஆக, சரியான விடைகள் 95 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. எவரையும் தொட்டுப் பாராமல், வருகிற ஒவ்வொருவரிடமும் உமக்கு நோயில்லை என்று சொல்லியனுப்பும் சோம்பேறியோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொன்னவனாவான்! ஆயினும் நோயாளி ஒருவரையேனும் அவன் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

நோயின் பரவலும் விடையின் மதிப்பும்

மேற்கூறிய இரு அளவைகளும் நோயின் பக்கமிருந்து சோதனையைப் பார்ப்பவை. சோதனைக்கு வந்தவர் அறிய விரும்புவதோ இதற்கு நேர்மாறான கேள்வி: எனக்கு உண்டு என்று விடை வந்துவிட்டதே, மெய்யாகவே நோய் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? இதன் விடை, அவ்வூரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி வாராது. முன்சொன்ன ஊரில், 90 மெய்யான நோயாளிகளோடு, நோயற்ற 495 பேரும் உண்டு என்ற விடை பெறுவர்; 585 பேருள் 90 பேர், அதாவது ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே மெய்யாக நோயுற்றவர். அதே சோதனையை, வருபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அந்நோய் உள்ள ஒரு சிறப்பு மருத்துவமனையில் செய்தால், உண்டு என்ற விடை பெற்றவர்களில் 92 விழுக்காட்டினர் நோயாளிகளாக இருப்பர். சோதனை மாறவில்லை, அதன் முன் வந்து நின்ற ஜனங்களே மாறினார்கள். மறுபுறம், இல்லை என்னும் விடை அவ்வூரில் ஆயிரத்தில் ஒருவருக்கே பொய்க்க, மருத்துவமனையில் நூற்றில் ஆறேழு பேருக்குப் பொய்க்கும்.

இக்கணக்கின் அடிப்படைத் தத்துவம், தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிவைத்து, அவர் மறைந்தபின் 1763-இல் வெளியான கட்டுரையில் உள்ளது. எனினும் மருத்துவம் கற்றவர்களுக்கும் இது எளிதில் கைவருவதில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோயை, நோயற்றவர்களில் ஐந்து விழுக்காட்டினரிடம் பொய்யாகக் காட்டும் சோதனை கண்டதாகக் கூறினால், நோய் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மாணவரும் மருத்துவருமான அறுபது பேரிடம் கேட்ட ஆய்வொன்று 1978-இல் வெளியாயிற்று. சரியான விடை ஏறத்தாழ இரண்டு விழுக்காடு; அதைச் சொன்னவர்கள் பதினொருவரே. அடிக்கடி வந்த விடை தொண்ணூற்றைந்து.

ஆதலின், ஒரு சோதனையின் விடையைக் கொண்டே தீர்ப்புக் கூறாமல், உண்டு எனப்பட்டவர்களை வேறொரு சோதனைக்கு உட்படுத்துவது மரபு. முன்சொன்ன 585 பேரையும், முதற்சோதனையின் பிழைகளைச் சாராத, ஆனால் அதே தரமுள்ள மற்றொன்றால் ஆராய்ந்தால், மெய்யானவர் 81 பேரும் பொய்யாகக் காட்டப்பட்டவர் ஏறக்குறைய 25 பேருமே எஞ்சுவர். இதற்கு விலையும் உண்டு: முதல் முறை பிடிபட்ட நோயாளிகளில் ஒன்பது பேர் இரண்டாம் முறையில் நழுவிவிடுகிறார்கள்.

எல்லைக்கோடு

பெரும்பாலான சோதனைகள் உண்டு, இல்லை என்று நேரே பேசுவதில்லை. ஓர் எண்ணைத் தருகின்றன. அவ்வெண்ணில் எங்கே கோடு கிழிப்பது என்பது மனிதர் செய்யும் தீர்மானம். கோட்டைத் தாழ்த்தினால் உணர்திறன் பெருகித் தனித்தன்மை குன்றும், உயர்த்தினால் மறுதலையாகும். ஒவ்வொரு கோட்டிலும் இரு அளவைகளும் எவ்வாறு அமைகின்றன என்பதை ஒரே வளைகோடாக வரைந்து காட்டும் முறை, இரண்டாம் உலகப்போரில் ரேடார்த் திரையில் தெரிவது விமானமா, வெறும் சலசலப்பா என்று பிரித்தறியும் பணியிலிருந்து வளர்ந்தது. லீ லஸ்டெட் என்னும் கதிரியல் மருத்துவர் அதனை மருத்துவத்துக்குக் கொணர்ந்தார். வளைகோட்டின் கீழுள்ள பரப்பு ஒன்றை நெருங்க நெருங்கச் சோதனை சிறந்தது. அரையாக இருப்பின் பயனற்றது. ஆயினும், நோயாளியைத் தவறவிடுவது அதிகத் தீங்கா, ஆரோக்கியமானவரைக் கலங்கடிப்பது அதிகத் தீங்கா என்பதை அவ்வளைகோடு சொல்லாது. அது நோயையும் சிகிச்சையையும் பொறுத்தது.

ஒப்பிடும் பிரமாணம்

உண்மை இது என்று அறிந்தாலன்றி விடையின் பிழை தெரியாது. அவ்வுண்மையை அறியக் கையாளும் மேலான சோதனையே பிரமாணமாகும். உடற்பகுதியைச் சிறிது வெட்டியெடுத்து ஆராய்வது போன்ற இச்சோதனைகள் வலியும் செலவும் உடையவை ஆதலின், உண்டு எனப்பட்டவர்களுக்கு மட்டும் அவற்றைச் செய்து, இல்லை எனப்பட்டவர்களை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாகிறது. அப்போது, தவறவிடப்பட்ட நோயாளிகள் கணக்கிலேயே வாராமற்போக, உணர்திறன் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையில், மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற அளவுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கவலையற்றவர்களாகக் கருதப்பட்டனர். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவ்வளவுக்கு மேற்படாத 2,950 பேருக்கும் திசுவெடுத்துப் பார்த்தபோது, 15 விழுக்காட்டினரிடம் புற்றுநோய் காணப்பட்டது. அவ்வாறே, முற்றிய நோயாளிகளையும் திடகாத்திரமான இளைஞர்களையும் மட்டுமே ஒப்பிட்டுப் பெற்ற துல்லியம், நோய் அரும்பும் பருவத்தினர் கலந்துள்ள ஊர்மக்களிடம் நிலைப்பதில்லை.

துல்லியமும் பயனும்

1968-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலில் வில்சனும் யுங்னரும் வகுத்த பத்து விதிகளுள், தகுந்த சோதனை வேண்டும் என்பது ஒன்றே ஒன்று. ஏற்கத்தக்க சிகிச்சையும் அதை அளிக்கும் வசதியும் வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். தென்கொரியாவில் கழுத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்க்கும் வழக்கம் பரவியபின், 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் விகிதமோ குறையவில்லை. திண்டுக்கல் மாவட்டத்திலோ, கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தை வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்தனர். பொய்யான உண்டு என்னும் விடைகள் மலிந்த சோதனை அது. ஆயினும் கண்டவிடத்து உடனே மேற்பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்கும்படி ஏற்பாடு இருந்தமையால், சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைவாக இருந்ததென 2007-இல் அறிவிக்கப்பட்டது. கூரிய கருவி அங்கே நோயாளிகளின் தொகையைப் பெருக்கிற்று; பரும்படியான சோதனை இங்கே இறப்பைக் குறைத்தது.